நீலம் பூசிய தெரு

வண்ணம் தீட்டிய ஒரு தாளை மேசைமேல் விரித்து, "ஊரில் எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்று பாருங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒரு படத்தைத் தருமபுரிக்கு வரைந்தவள் நான். யோசித்தவர் வேறு ஆள். கொடுத்த எண்ணைப் பார்த்து, சொன்ன வண்ணத்தைப் பூசியது மட்டும் நான். அந்த வேலைக்கு ட்ரேசர் என்று பெயர். மூளை வேண்டாம், கை நடுங்காமல் இருந்தால் போதும் என்று வேலைக்கு எடுத்தபோதே சொன்னார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். மாவட்டம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை சேலத்துக்கு ஓடிய பைல்கள் தருமபுரியிலேயே தங்க ஆரம்பித்தன. பைல் தங்கினால் அதிகாரி தங்க வேண்டும். அதிகாரி தங்க வீடு வேண்டும். ஊரில் அவ்வளவு வீடு இல்லை. ஊரை எந்தப் பக்கம் விரிப்பது, எங்கே குடியிருப்பு, எங்கே சந்தை என்று திட்டம் போட ஒரு சின்ன ஆபீஸ் திறந்தார்கள். வாடகை வீட்டில் மூன்று அறை. நடு அறையில், ஜன்னலோரம், சாய்வுப் பலகைக்கு முன்னால் எனக்கு இடம். அங்கே நான் ஒருத்திதான் பெண்.

நானும் அம்மாவும் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். அரூர் பக்கம் எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலமும் போன பிறகு வந்தவர்கள். அந்தத் தெரு முழுக்கப் புறம்போக்கு. பட்டா கிடையாது. எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற நாலைந்து குடும்பம், பாய்மார் குடும்பங்கள் சில, மூட்டை தூக்குகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள். எல்லா வீட்டுக்கும் தகரக் கூரை. மத்தியானம் தண்டவாளத்து ஜல்லியில் விழுந்த வெயில் திரும்பி எங்கள் சுவரில் விழும். தகரம் டக் டக் என்று சத்தம் போடும். அம்மா பழைய புடவையை நனைத்துத் தரையில் விரித்து அதன்மேல் படுத்துக் கிடப்பாள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து மறுபடி நனைப்பாள். அப்படிப்பட்ட தெரு அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்தவர். எங்கோ போய் இதையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார். ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு வெப்பம் மாறும், காற்று மாறும், அதை அளந்து படம் போட்டால் எங்கே வீடு கட்டலாம், எங்கே மரம் வேண்டும் என்று தெரியும் என்றார். யோசனையில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மடத்தனமான யோசனையாக இருந்திருந்தால் மறந்திருப்பேன்.

ஊரில் ஆறு இடத்தில் பெட்டி வைத்தார்கள். நாலு காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி. காற்று புகுந்து போக நாலு பக்கமும் சாய்த்து அடித்த பட்டிகள். உள்ளே பாரன்ஹீட்டில் எண் போட்ட இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் அடிக் குமிழில் மெல்லிய துணி சுற்றி, அந்தத் துணியின் நுனி ஒரு சின்னத் தண்ணீர்க் குப்பியில் கிடக்கும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஈரத்துணி குளிரும். சும்மா தொங்குவது நிஜ வெப்பத்தைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றின் ஈரத்தைக் கணக்குப் போடலாம். இதை ஆபீஸில் எங்களுக்கு அரை மணி நேரம் விளக்கினார். டீ வாங்கிக் கொடுத்து விளக்கினார்.

ஒவ்வொரு இடத்திலும் தினம் இரண்டு வேளை பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும். எங்கள் தெருவுக்கு ஆள் சொன்னது நான். தெருமுனையில் தகரவேலை செய்யும் பாயின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். புனல், டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் டின் எல்லாம் அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் ஆகும். வெட்டுவதும் பற்றவைப்பதும் பாய். அளந்து கோடு போடுவது அக்கா. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தப்பினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். இவளைவிட நன்றாக யார் அளவு பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அதுவும் சரியாகத்தான் நினைத்தேன்.

பெட்டியை முற்றத்தில் நட்டபோது அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னாத்துக்கும்மா இது? புறா வளக்கவா?"

"வெயில அளக்கறதுக்குக்கா."

"அளந்து யாருக்கு விக்கப் போறீங்க?"

பாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அளக்கட்டும் வுடு. நெலத்த அளந்தாச்சு, தண்ணிய அளந்தாச்சு. மிச்சம் இதான்."

"வெளையாடாதீங்க பாய். படத்துல எந்தத் தெரு செவப்பா வருதோ, அங்க மொதல்ல மரம் வெப்பாங்களாம், குழாய் போடுவாங்களாம். சாரே சொன்னாரு."

"நெசமாவா?" என்றாள் அக்கா.

"நெசமாத்தான்க்கா. வரையறதே நான்தானே."

இந்தக் கடைசி வார்த்தையை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதிகாரி வந்து அக்காவுக்கு வேலையைச் சொன்னார். மொத்தம் ஐந்து நிமிஷம். ஜீப்பின் இன்ஜினைக்கூட நிறுத்தவில்லை.

"இந்தத் துணி எப்பவும் ஈரமா இருக்கணும். குப்பியில தண்ணி குறையக் கூடாது. காலையில எட்டு மணி, மத்தியானம் ரெண்டரை. ரெண்டு மீட்டரையும் பாத்து இந்தத் தாள்ல எழுதுங்க. கண்ணாடிச் சாமான், கவர்ன்மென்ட் சொத்து. உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு."

எதற்காக ஒன்றுக்கு மட்டும் துணி என்று அவர் சொல்லவில்லை. தகரம் தட்டுகிறவளுக்கு அது எதற்கு என்று நினைத்திருப்பார். சரி, அவர் சொல்லவில்லை. தினம் அந்த முற்றத்தைக் கடந்து ஆபீஸுக்குப் போன நானும் சொல்லவில்லை.

சித்திரை முழுக்க எழுதினாள். ஒரு வேளை தவறவில்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்குக்கூட மத்தியான அளவை எழுதிவிட்டுத்தான் கிளம்பினாள். சனிக்கிழமை அந்த வாரத்தின் தாளை என்னிடம் மடித்துக் கொடுப்பாள். நான் டிபன் பையில் போட்டுக்கொண்டு போய் ஹெட் ட்ராப்ட்ஸ்மேனிடம் கொடுப்பேன். பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணியம் கிண்ணியம் ஒன்றும் இல்லை. சோம்பல். அதைக் கூட்டி, வகுத்து, ஓர் இடத்துக்கு ஓர் எண் என்று எழுதி என் பலகைக்கு அனுப்புவது அவர் வேலை. அந்த எண்ணுக்கு உரிய வண்ணத்தைப் பூசுவது என் வேலை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம்.

பஸ் ஸ்டாண்ட் சிவப்பாக வந்தது. கடைத்தெரு சிவப்பு. ஏரிக்கரை பச்சை. எங்கள் தெருவுக்கு எண்ணைப் பார்த்தேன். நீலம். ஊரிலேயே அது ஒன்றுதான் நீலம். ஏரிக்கரையைவிடக் குளிர்ச்சியாம்.

எழுந்து போய்க் கேட்டேன். "சார், இந்த எண்ணு சரியாங்க? அந்தத் தெருவுலதான் நான் குடியிருக்கேன்."

ஹெட் ட்ராப்ட்ஸ்மேன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "அதனாலதான் உனக்குத் தெரியல. உள்ள இருக்கறவனுக்கு எப்பவும் கஷ்டமாத்தான் தெரியும். எண்ணு பொய் சொல்லுமா? உனக்குத் தெரிஞ்சத வரையச் சொல்லல. குடுத்தத வரை."

வரைந்தேன். முதல் நாள் இரவு முழுக்க விசிறிக்கொண்டு கிடந்த கையால் அந்தத் தெருவுக்கு நீலம் பூசினேன். கரை தாண்டாமல், திட்டுத் திட்டாக இல்லாமல், ரொம்ப அழகாகப் பூசினேன். அதிகாரி பார்த்துவிட்டுத் துள்ளினார். யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றார். ரயில் பாதை ஒரு வாய்க்கால் மாதிரி காற்றைக் கொண்டுவந்து அந்தத் தெருவில் இறைக்கிறது என்று அங்கேயே ஒரு காரணம் செய்தார். அதை ரிப்போர்ட்டில் ஒரு பக்கத்துக்கு எழுதினார். அந்தக் காற்று அம்மாவின் ஈரப்புடவைக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

படம் மெட்ராஸ் போனது. திரும்பி வந்த உத்தரவை வைத்து அடுத்த ஷீட் வரையச் சொன்னார்கள். எங்கள் தெரு இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக மனை. நடுவில் எழுத வேண்டிய வாசகம் பென்சிலில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. 'உத்தேச அலுவலர் குடியிருப்பு. குளிர்ந்த, காற்றோட்டமான பகுதி. ஆக்கிரமிப்புகள் அகற்றப்படும்.'

"ஆக்கிரமிப்புன்னா நாங்களாங்க சார்?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"மாத்து இடம் தருவாங்கம்மா. பென்னாகரம் ரோட்டுல, பாறைக்கு அந்தப் பக்கம்."

"செவப்பு வந்த எடத்துக்கெல்லாம் மரம், குழாய்னு சொன்னீங்களே?"

"அது செகண்ட் ஃபேஸ், அடுத்த கட்டம்."

மை தொட்டு நானே அந்த எழுத்துகளை எழுதினேன். இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். காலையில் ஒட்டினார்கள். எனக்கு ஆபீஸில் கை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினேன். அக்காவிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமலே போனேன்.

மணி இரண்டரை இருக்கும். அக்கா பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அளவு எடுத்தது போதும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் வைகாசியிலும் எழுதிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். முதலில் துணி சுற்றியதை நனைத்தாள். பிறகு மற்றதை நனைத்தாள். மற்றதிலும் துணி சுற்றியிருந்தது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"தண்ணி காட்றேன்."

"ரெண்டுக்குமா?"

"பின்ன? உங்க சாரு ஒண்ணுக்குத் துணி சுத்திச் சொகுசா வெச்சிட்டாரு. இன்னொண்ணு மொட்டையா நிக்குது. மூணாம் நாளு பாத்தா மேல மேல ஏறுது. அடச்ச டின்ன வெயில்ல வெச்சா வயிறு உப்பி வாய் பிளந்துக்கும். எங்க வூட்ல எத்தன டின்னு அப்படிப் போயிருக்கு. இது கண்ணாடியாச்சே. வெடிச்சா நீங்கதான் பொறுப்புன்னாரில்ல? அதான் அதே மாதிரி மெல்லிசுத் துணியாப் பாத்துச் சுத்திட்டேன். எப்படி அடங்கி நிக்குது பாரு."

நான் அந்தத் துணியை உருவினேன். குமிழை முந்தானையால் துடைத்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பாதரசம் ஏறியது. எண்பது. தொண்ணூறு. அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"தள்ளி நில்லும்மா, வெடிக்கப் போவுது."

வெடிக்கவில்லை. நூறைத் தாண்டிப் போய் நின்றது.

"வெடிக்கலியே" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். எந்த மீட்டர் எதற்கு, அவள் எழுதிய எண் என்ன ஆனது, நான் என்ன வண்ணம் பூசினேன், கதவில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் எங்கிருந்து வந்தது. அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"இத நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? தெனம் இந்த வழியாத்தான போற? புனலுக்குக் காது வெக்கறதுன்னாக்கூட எதுக்குன்னு சொல்லித்தான் நாங்க ஆள் வெப்போம்."

பாய் பற்றவைக்கும் கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தார். பெட்டியின் நாலு காலையும் மண்ணிலிருந்து அசைத்துப் பிடுங்கினார். தள்ளுவண்டியில் ஏற்றினார்.

"நடங்க ஆபீசுக்கு" என்றார்.

ரோட்டில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். "என்ன பாய், புறா பறந்துருச்சா?" என்று ஒருவன் கேட்டான். பாய் அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியதும் அதிகாரி வெளியே வந்தார். வந்ததும் வராததுமாக, "இதை யார் எடுக்கச் சொன்னது? அப்சர்வேஷன் ஸ்டேஷனையே கலைச்சிட்டீங்களே!" என்று கத்தினார்.

"வூட்டையே பேத்து எடுக்கப் போறீங்க. கூண்டுக்கு என்னாங்க வந்துச்சு?" என்றார் பாய்.

அக்கா எதையும் மறைக்கவில்லை. "நாந்தாங்க சுத்துனேன். வெடிச்சிரும்னு பயந்துட்டேன். எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா பண்ணியிருப்பனா?"

அதிகாரி அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இது நீ சொல்லிக் குடுத்ததா? நோட்டீஸ் ஒட்டின அன்னிக்குத்தான் துணி வருது. அதுக்கு முன்னாடி வரலையே?"

நாங்களே வந்து சொன்ன உண்மையை, எங்கள் ஆதாயத்துக்காகக் கட்டிய கதை என்று திருப்பிவிட்டார். அந்த நிமிஷம் என் பயம் எல்லாம் போய்விட்டது. உள்ளே போய் பீரோவைத் திறந்து பைலை எடுத்தேன். அக்கா எழுதிய தாள்களை அன்றைக்குத்தான் முதல் தடவை பிரித்துப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் எண்கள் சரியாக இருந்தன. மத்தியானத்தில் ஒன்று நூறுக்கு மேல், இன்னொன்று எழுபத்தைந்து பக்கம். அந்த இரண்டு நாளையும் சிவப்புப் பென்சிலால் குறுக்கே அடித்து, 'பழக்கமின்மை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார் அதிகாரி. ஒழுங்காக இருந்த இரண்டு நாளை அடித்துவிட்டுத் தப்பான நாள்களை வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு பத்தியிலும் ஒரே எண். தினமும், இரண்டு வேளையும் அப்படித்தான்.

"சார், ரெண்டும் ஒண்ணா வந்தா காத்துல ஈரம் நூத்துக்கு நூறுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. சித்திரை மாசம், மத்தியானம் ரெண்டரைக்கு, தருமபுரியில பனிமூட்டமாங்க சார்?"

உள்ளே ஹெட் ட்ராப்ட்ஸ்மேன் சிரித்துவிட்டார். உடனே அதை இருமலாக மாற்றினார். அதிகாரியின் முகம் கறுத்துவிட்டது. பைலை என் கையிலிருந்து பிடுங்கி மூடினார்.

"ஷீட் மெட்ராஸ் போயாச்சு. ஆர்டரும் ஆயாச்சு."

"தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு லெட்டர் எழுதுங்க சார்."

"என்னன்னு எழுதறது? வாராவாரம் ஸ்டேஷனைப் பார்வையிட்டேன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

இதை அவர் ரகசியமாகச் சொல்லவில்லை. பாய்க்கும் அக்காவுக்கும் எனக்கும் முன்னால், வாசலில் நின்று, சாதாரணமாகச் சொன்னார். நாங்கள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? எங்களை ஆளாக மதிக்கிறவர்தான் குரலைத் தணித்திருப்பார். பிறகு அக்காவிடம் தயவாக ஒன்று சொன்னார்: "பயப்படாதீங்க. மீட்டருக்கு ஒண்ணும் ஆகல. உங்க மேல எதுவும் வராது."

அக்கா அவரையே பார்த்தாள். "ரொம்ப சந்தோசங்க" என்றாள். வண்டியைக் காலியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கலெக்டருக்கு மனு எழுதினேன். தெருவே கையெழுத்தும் கைநாட்டும் வைத்தது. அந்த மனு சுற்றிச் சுற்றி எங்கள் ஆபீஸுக்கே குறிப்பு கேட்டு வந்தது. யார் மேல் புகாரோ அவரே பதில் எழுதினார். 'சொந்த நலன் கருதிச் செய்யப்பட்ட புகார், ஏற்பதற்கில்லை.' என் வேலையை மட்டும் விட்டுவைத்தார். அது கருணையா, நான் வெளியே போய்ப் பேசக் கூடாது என்ற கணக்கா, எனக்குத் தெரியாது. நானும் வேலையை விடவில்லை. சோறு வேண்டுமே.

ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ட்ரேசிங் துணியில் வரைந்த மூலப் படத்தை எடுத்து, பிளேடால் அந்த நீலத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் சுரண்டிவிட்டேன். பின்னால் ஹெட் ட்ராப்ட்ஸ்மேன் நின்றிருந்தார்.

"துணி கிழியும்மா" என்றார். "இது கிழியும். மெட்ராஸ்ல இருக்கற காப்பி கிழியாது."

யாரிடமும் சொல்லாமல் பிளேடை வாங்கித் தன் டிராயரில் போட்டுக்கொண்டார். அந்த ஆபீஸில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய ஆதரவு அதுதான்.

அந்த இடத்தில் பிறகு குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். குடிவந்தவர்கள் முதல் கோடையிலேயே வெக்கை தாங்கவில்லை என்று புகார் எழுதினார்கள். அந்தத் தபாலைப் பிரித்து நம்பர் போட்டதும் நான்தான். படித்துச் சந்தோஷப்பட்டிருப்பாய் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு சந்தோஷமும் இல்லை. இடிக்க வந்த நாள் எனக்கு மறந்தால் அல்லவா சந்தோஷப்படுவதற்கு?

ஆள்கள் கடப்பாரையோடு தெருவின் மறுமுனையில் ஆரம்பித்தார்கள். பாய் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. கடப்பாரை பட்டால் தகரம் கிழியும் என்று விடிந்ததுமே ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கிக் கூரையைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். அக்கா கையில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு கீழே நின்று வாங்கினாள். அதற்குள் தகரம் வெறும் கையால் தொட முடியாமல் கொதித்தது. நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தவர்கள் என்பதால் எங்களுக்கு மாற்று இடம் கிடையாது. எங்கள் சாமான் முந்தின நாளே கோயில் பக்கம் ஓர் அறைக்குப் போய்விட்டது. நான் லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். கீழே மண் பெயர்ந்து கிடந்ததால் ஏணி ஆடியது. ஓடிப் போய்ப் பிடித்தேன்.

"ஏணிய வுடு" என்றாள் அக்கா.

நான் விடவில்லை.

"வுடுன்னா வுடு. நீ கைய வெச்ச வரைக்கும் போதும்."

மேலேயிருந்து பாய் சொன்னார்: "அவ வுட்டா நான் வுழுந்துருவேன். எறங்கின அப்புறம் சண்ட போட்டுக்கங்க."

கடைசித் தகரம் இறங்கும்வரை நான் பிடித்திருந்தேன். அவள் ஒவ்வொரு தகரத்தையும் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி அடுக்கினாள். பாய் இறங்கினார். வண்டியில் தகரத்தை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். பென்னாகரம் ரோடு வழியாகப் போனார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா கிளம்பும்போதும் பேசவில்லை, அதற்குப் பிறகு சந்தையில் எத்தனையோ தடவை எதிரே வந்தபோதும் பேசவில்லை. பேசு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.